காயும் முன்னே போட்ட டிக்

யார் வீட்டுச் சுவரில் யார் கை பட்டிருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார் அந்தப் பெயிண்ட் கான்ட்ராக்டர். சொந்த வீட்டுச் சுவர் மட்டும் அவர் கண்ணில் படாது. வேலையாட்களுக்கு அவர் மேஸ்திரி, மனைவிக்கு 'என்னங்க'.

மேஸ்திரிக்குத் தொழிலில் ஒரு பழக்கம். முதல் கோட்டுப் பெயிண்ட் காய்ந்துகொண்டிருக்கும்போதே நோட்டில் 'இரண்டாம் கோட்டு முடிந்தது' என்று டிக் போட்டுவிடுவார். "எப்படியும் அடிக்கத்தானே போறோம்? இப்பவே எழுதினா என்ன, குடியா முழுகிடும்?" என்பார். முப்பது வருடத்தில் அந்த டிக் ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. இருட்டுவதற்குள் இரண்டாம் கோட்டு சுவரில் ஏறியிருக்கும். அதனால் அதைப் பொய்யென்று அவர் நினைத்ததே கிடையாது.

ஒரு குறை, வேலையைத் தேடிப் போகமாட்டார். வந்ததைச் செய்வார். வருவது நின்றுபோனதும் முழி பிதுங்கியது. அப்போதுதான் தொழிலையும் வீட்டையும் ஒழுங்குபடுத்தப் பயிற்சி கொடுக்கும் ஒரு கோச்சிடம் சேர்ந்தார். மகள் வயசுப் பெண். அட்வைஸ் மழை பொழியப் போகிறாள் என்று பயந்து போனவருக்கு ஆச்சரியம். அவளிடம் இருந்ததெல்லாம் ஒரே கேள்விதான்: "சொன்னீங்க. செஞ்சீங்களா?"

பன்னிரண்டு வாரம். தொழிலுக்கு ஒரு இலக்கு, வீட்டுக்கு ஒரு இலக்கு. கட்டம் போட்ட தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, தினமும் டிக் போட்டு, ஞாயிற்றுக்கிழமை படமெடுத்து அனுப்பவேண்டும். பிறகு அவள் போன் செய்து கேட்பாள். தினம் ஒரு புது வீட்டுக்காவது போய் வேலை கேட்பது தொழில் இலக்கு. மனைவிக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் நடந்து நடந்து மூட்டை மடக்கிப் பழக்காவிட்டால் அப்படியே விறைத்துப்போகும், தனியாக விடக்கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே சாயங்காலம் அரை மணி நேரம் அவளோடு நடப்பது வீட்டு இலக்கு.

காலையில் காபி டம்ளரோடு ஃபிரிட்ஜ் முன்னால் நிற்பார். பழக்கதோஷம், இரண்டு கட்டத்திலும் டிக் விழுந்துவிடும். முதல் டிக்கைச் சாயங்காலத்துக்குள் மெய்யாக்கிவிடுவார். படியேறி, மணியடித்து, பல்லைக் காட்டி, நாய்க்குப் பயந்து, எப்படியோ. வேலையும் வர ஆரம்பித்தது. ஆனால் வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்.

"நாளைக்குப் பார்க்கலாமா?" என்பார் மனைவியிடம்.

"சரிங்க."

அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தாலாவது பிழைத்திருப்பார்.

"நடந்தீங்களா சார்?" என்று கோச் முதல் ஞாயிறு கேட்டபோது "ஆச்சும்மா" என்றவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. மூன்றாவது ஞாயிற்றுக்குள் நாக்கு பழகிவிட்டது. நெஞ்சு பழகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? போனை வைத்த கையோடு போய், யாரும் கேட்காமலே பாத்திரமெல்லாம் தேய்த்து வைப்பார். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்தும்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும், தன்னிடம் சேர்ந்தவர்கள் எல்லோரும் வீட்டு ஆட்களோடு வரவேண்டும் என்று கோச் ஒரு கூட்டம் வைத்தாள். மேஸ்திரி என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். "கூப்பிட்ட மரியாதைக்குப் போகணும்ல?" என்று மனைவி கிளம்பிவிட்டாள்.

வாசலில் நாலே படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக அவள் ஏறுவதை எல்லோரும் பார்த்தார்கள். மேஸ்திரி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்பத்து நாலு நாள், ஒரு நாள்கூட விடாம உங்களோட நடந்திருக்காரு. எப்படி இருக்குக்கா?" என்று கோச் கேட்டாள்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா நடக்குதும்மா. அவரு எட்டி நடந்தா நான் ஈடுகொடுக்க முடியறதில்ல, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். கோச் மட்டும் அந்தக் காலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

தங்கள் வேனில் வீடு திரும்பும்போது, "ஏன் அப்படிச் சொன்ன?" என்றார்.

"பின்ன? நாலு பேருக்கு முன்னாடி உங்களை விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?"

வீட்டுக்குள் அவள் முன்னால் போனாள். படுக்கையறையிலிருந்து சமையலறை வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். அப்போதுதான் பார்த்தார். இடுப்பு உயரத்தில், சுவர் நெடுக ஒரு கறுத்த கோடு. ஒரு நாள் இரண்டு நாள் கை பட்டு வருகிற அழுக்கல்ல அது. பாதி வழியில் நாலு விரல் நகம் பெயிண்டைக் கீறியிருந்தது.

"இது என்ன?"

"ஒரு நாள் சறுக்கிடுச்சு. பிடிச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "தினமும் காலையில நீங்க டிக் போடுறதைப் பார்ப்பேன். ஓ, இன்னைக்கு வந்துடுவாருன்னு நினைச்சுக்குவேன். சாயங்காலம் ஷூவைப் போட்டுக்கிட்டு இங்கேயே உட்கார்ந்திருப்பேன். நீங்க வண்டியை நிறுத்துற சத்தம் கேட்கும். உங்க முகத்தைப் பார்த்ததும் கழட்டிடுவேன்."

நாற்காலிக்கு அடியில் அந்த ஷூ இருந்தது. ஆபரேஷன் முடிந்த வாரம் அவரே வாங்கிக்கொடுத்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். போட்டுப் போட்டு வாய் தளர்ந்திருந்தது. அடிப்பக்கம் ஒரு துளி மண் இல்லை.

அவள் காலடியில் உட்கார்ந்து ஷூவை மாட்டப் பார்த்தார். முழங்கால் மடங்க மறுத்தது. எண்பத்து நாலு நாள் அவளைக் காத்திருக்க வைத்த பாவி நான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"வா, வாசல் வரைக்குமாவது போயிட்டு வரலாம்."

"படியேறினது வலிக்குதுங்க. நாளைக்குப் பார்க்கலாமா?"

குத்திக்காட்டவில்லை அவள், நிஜமாகவே கால் வலித்தது. அவருக்குத்தான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது.

"சரி" என்றார்.

எழுந்துபோய் கோச்சுக்குப் போன் போட்டார். "அந்த ரெண்டாவது கட்டம் மொத்தமும் பொய்ம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு ஃபிரிட்ஜில் தொங்கிய பேனாவை நூலோடு அவிழ்த்துக் கொண்டுவந்து மனைவி மடியில் வைத்தார்.

"இனிமே நீ போடு. நடந்து முடிச்ச பிறகு."

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள், மூடியைத் திறந்தாள், திரும்ப மூடினாள்.

"பார்க்கலாம்" என்றாள்.