மற்ற இரண்டு முடிச்சுகள்

கட்டுகஸ்தோட்டைக் கல்யாண மண்டபத்தின் கழிப்பறையிலிருந்து அனுஷியா மறுபடியும் வெளியே வந்தபோது, பெரியம்மா இராஜகுமாரி கதவுக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"திரும்பவுமாடி? போன வாரந்தானே தலைக்கு ஊத்துன?"

அனுஷியா கையைத் துடைத்தாள்.

"அப்ப நீ மணவறைக்கு வர ஏலாது. பிரேமிளா முடிச்சுப் போடட்டும். என் மகளும் யுகேஷுக்குத் தங்கச்சிதானே."

யுகேஷ் அனுஷியாவின் ஒரே அண்ணன்; இன்று அவனுக்குத்தான் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது; மற்ற இரண்டும் அவன் தங்கையுடையவை. அதற்காக அவள் கட்டில் காலில் நூல் சுற்றிப் பழகியிருந்தாள்.

ஒரு வருடமாக அவளுக்கு மலத்தோடு இரத்தமும் சளியும் போயின. ஒன்றும் இல்லாதபோதே வயிறு முட்டும். ஓடிப்போய் உட்கார்ந்தால் எதுவும் வராது. முதன்முதலில் துணியில் கறையைப் பார்த்த பெரியம்மா, மாதவிலக்கு என்று நினைத்துச் சாமியறைக் கதவைச் சாத்தினார். அனுஷியா மறுக்கவில்லை. மாதவிலக்குக்கு அந்த வீட்டில் ஒரு மூலையும் தனிப் பாயும் இருந்தன. மற்றதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

போன மாதம் கண்டியில் டொக்டர் குழாய்க் கமராவால் பார்த்தார். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் சிவந்த சின்னச் சதை முளைகள்; ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைச் சளித் தொப்பி. துண்டெடுத்துச் சோதித்த பிறகு, "புற்றுநோய் இல்ல. அழற்சியால வந்தது, ரொம்ப அபூர்வம். முக்க வேணாம். குணமாகக் கொஞ்சக் காலம் எடுக்கும்" என்றார். வெளியே வந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் சொல்லிறாத. கேன்சர்னு கதை கட்டிருவாங்க."

இப்போதும் அம்மா பக்கத்திலிருந்த அலங்கார அறை வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். மேளம் வேகம் பிடித்தது.

"பெரியம்மா, இது மாசாமாசம் வர்றது இல்ல. குடல்ல இருந்து வர்ற இரத்தம். பீயோட வருது."

பூச்சரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன.

"கல்யாண வீட்டுல என்னா பேச்சுடி இது?"

"ஒரு வருஷமா வெக்கப்பட்டுப் பார்த்தேன். சொகமாகல."

"அதுவுந்தான் அசுத்தம்."

"அப்ப குடல் இல்லாதவங்க யாராச்சும் வந்து முடிச்சுப் போடட்டும்." அனுஷியா பிரேமிளாவிடம் திரும்பினாள். "ஒனக்கு இருக்காடி?"

"காலையில இட்லி சாப்பிட்டப்ப இருந்துச்சுக்கா" என்றாள் பிரேமிளா, வாயைப் பொத்திக்கொண்டு.

"இன்னொண்ணும் கேளுங்க பெரியம்மா. இது மாசாமாசம் வர்றதாவே இருந்தாலும் நான்தான் போடுவேன்."

பெரியம்மா அசையவில்லை. அனுஷியா கதிரையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே வந்த அம்மா, அவளுடைய சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

யுகேஷ் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நூலை அவளிடம் விட்டான். குனிந்த அந்தக் கணத்தில் வயிறு முட்டியது: இப்போதே, இப்போதே. அது எத்தனை பெரிய பொய்க்காரி என்று அவளுக்குத் தெரியும். காத்திருக்கட்டும். இரண்டாவது முடிச்சை இறுக்கினாள். மூன்றாவதை இன்னும் இறுக்கினாள்.

பிறகு நிமிர்ந்து, அத்தனை பேரும் பார்க்க, வரிசைகளுக்கு நடுவே நேராகக் கழிப்பறைக்கு நடந்தாள்.

பெரியம்மா அங்கேயேதான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதிரையக் கொஞ்சம் நகத்துங்க பெரியம்மா. போகணும்."

நகர்த்தினார்.