மூக்குத்தொட்டில் வழக்கு

1912-ஆம் வருஷம் கார் அறுவடை முடிந்த கையோடு, பண்ணையார் வைத்தியலிங்கம் தன் மூச்சைத் திருப்பித் தரும்படி நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மேல் அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்தார். அந்த மாதம் வந்த மற்றப் பிராதுகள் எல்லாம் வரப்பு, வாய்க்கால், வேலி தாண்டிய பலாமரம் என்று வழக்கமானவை. கோர்ட்டுக் குமாஸ்தா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, மூச்சை அசையும் சொத்தில் சேர்த்து எழுதிக்கொண்டார். ஊரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சந்தையில் கருப்பட்டி விலை ஏறியதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

வழக்கின் வேர் ஐந்து வருஷம் முந்தியது. பாளையங்கோட்டைக்காரரான டாக்டர் ஜெபசீலன் மதராஸில் படித்து முடித்து வந்து, ஆற்றங்கரையில் ஓடு வேய்ந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தார். அவரிடம் நல்ல கத்தி இருந்தது. மயக்க மருந்து இருந்தது. மருந்து கொடுப்பதற்குச் சீமையிலிருந்து கப்பலில் வந்த கம்பிக்கூடும் இருந்தது. கூட்டின் மேல் துணியை விரித்து நோயாளியின் முகத்தில் கவிழ்த்து, துணியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நோயாளிதான் இல்லை. தாமிரபரணிக் கரையில் படுத்துக் கிடப்பவன் முகத்தைத் துணியால் மூடுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான், அதற்கப்புறம் அவன் எழுந்து வருவதில்லை. முதல் நோயாளியான வண்டிக்காரர், கூடு முகத்தில் பட்டதுமே மேசையிலிருந்து குதித்து, கூட்டோடு ஆற்றில் இறங்கி அக்கரையில் கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர்ந்தார். மறுநாள் கூடு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. பெண்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. கம்பி மூக்குத்தியில் இடித்தது. கழற்றி வைக்கச் சொன்னால், நான் உயிரோடு இருக்கும்போதே கழற்றுவதா என்று புருஷன்மார் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டரின் மனைவி ஞானசௌந்தரியம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். உருண்டைத் தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. புருஷன் ஈயோட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் கம்பிக்கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கம்பிய எந்த மூக்கப் பாத்து வளைச்சிருக்காங்க? இங்கன ஒருத்தருக்கும் அந்த மூக்கு கெடையாதே" என்றார். பிறகு பிரம்பை ஊறவைத்து வளைத்தார். விளிம்பில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்தார். மருந்தும் இறங்கவேண்டும், காற்றும் வரவேண்டும் என்பதால் பின்னலை நடுவில் நெருக்கியும் ஓரத்தில் விலக்கியும் போட்டார். மூக்குத்திக்குத் தனியாக ஒரு மாடம் விட்டார். முக்கியமாக, கண்ணையும் நெற்றியையும் மூடாமல் விட்டார். படுத்திருப்பவர் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே மயங்கலாம், பார்க்கிறவர்களும் ஒப்பாரிக்குத் தயாராக வேண்டாம். எங்கே உறுத்துகிறது என்று கேட்பதற்காக முதலில் டாக்டருக்கு மாட்டிப் பார்த்தார். டாக்டர் பதில் சொல்லாமல், ஒரு சொட்டு மருந்தும் இல்லாமல், சாயங்காலம் வரை தூங்கினார். ஊர் அதற்கு மூக்குத்தொட்டில் என்று பெயர் வைத்தது. களிமண்ணில் மூக்கை அச்சு எடுத்து ஆளுக்கொரு தொட்டில் பின்னித் தரப்பட்டது. ஏரலிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் சிலருக்கு நோய் என்று எதுவும் இல்லை, தொட்டில்தான் வேண்டியிருந்தது.

பண்ணையார் வைத்தியலிங்கத்துக்கு நோய் இருந்தது. ஊரே அறிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வீக்கம் அது. வில்வண்டியில் அவருக்கு ஒரு திண்டும் அதற்கு ஒரு திண்டும் போட்டிருப்பார்கள். ஒரே மூச்சில் ஒருவனை நான்கு தலைமுறைக்குத் திட்டக்கூடிய மனிதர். அவர் செருமினால் வயலில் நிற்கிறவர்கள் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். தன் தொட்டில் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகவும், பட்டுநூலிலும், மீசை நசுங்காமலும் இருக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். ஞானசௌந்தரியம்மாளுக்கு வீம்பு பிடித்தது. தான் பின்னியதிலேயே சொகுசானதைப் பின்னிவிட்டார். பண்ணையார் சுகமாகத் தூங்கி, வீக்கம் இல்லாமல் எழுந்து, ஒற்றைத் திண்டோடு வீடு போனார். ஆனால் அவர் மூச்சில் பாதி வீடு போகச் சம்மதிக்கவில்லை. இடம் பிடித்துப்போய், ஆணியில் தொங்கிய தொட்டிலிலேயே தங்கிவிட்டது.

அது தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு குறட்டை விட்டது. செருப்புப் போட்டுக்கொண்டு யாராவது முன்னால் நடந்தால் செருமியது. கம்பவுண்டர் அப்பாத்துரை மருந்து கலக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து, "பைய அண்ணாச்சி, சீசா அதிருது" என்பார், அதுவும் கொஞ்சம் தணியும். பண்ணையாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். மிச்ச மூச்சே எனக்குத் தாராளம், கிடக்கட்டும் என்று பதில் வந்தது.

1908 ஐப்பசியில் ஆறு கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, பண்ணையார் வயலில் நாற்று நடுகிற ஆறுமுகத்தாய் இரண்டு நாள் வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அதற்கு முன் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் அழாமலே போயிருந்தன. இந்தப் பிள்ளையும் நீலமாக, மூச்சில்லாமல் வந்தது. டாக்டர் தட்டினார், ஊதினார், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினார். கடைசியில் அவர் கை ஓய்ந்தது. ஞானசௌந்தரியம்மாள் சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் மூச்சு உள்ள பொருள், ஆட்களைத் தவிர, ஒன்றுதான் இருந்தது. ஆணியிலிருந்து அதை எடுத்து வந்தார். பண்ணையாரின் மூக்குக்கும் மீசைக்கும் பின்னியது, பச்சைப்பிள்ளைக்கு நெற்றியிலிருந்து தாடை வரை மூடியது. "மூஞ்சிய மூடாதீய யம்மா! எம் பிள்ள மூஞ்சிய மூடாதீய!" என்று ஆறுமுகத்தாய் எழுந்திருக்கப் பார்த்தாள். ஞானசௌந்தரியம்மாளும் அழுதார், ஆனால் கையை எடுக்கவில்லை.

பிள்ளை அழவில்லை. "க்க்கும்" என்று செருமியது. பத்து வருஷக் குத்தகைப் பாக்கியைக் கேட்கப்போகிற மாதிரியான செருமல். வாசலில் குந்தியிருந்த தகப்பன் துள்ளி எழுந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கினான். அப்பாத்துரை கையிலிருந்த சீசா கீழே விழுந்தது. தொட்டிலை எடுத்துப் பார்த்தார்கள். அது வெறும் பட்டுநூலாகக் கிடந்தது. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பெயர் வைக்கும் நாளில் சின்னப் பெயர் எதற்கும் பிள்ளை கண் திறக்கவில்லை. பிரம்மநாயகி என்றதும் செருமியது, அதையே வைத்தார்கள். நடக்கத் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. அவள் வரப்பில் போனால் பெரிய ஆட்கள் தங்களை அறியாமல் துண்டை எடுத்தார்கள். மடைக்காரர் அவள் செருமலைக் கேட்டு ஆறுமுகத்தாய் நட்ட வயலுக்கு முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டார். பண்ணையாருக்கோ வயது ஏற ஏற மூச்சு போதவில்லை. ஒருவனைத் திட்டத் தொடங்கினால் இரண்டாவது தலைமுறையிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. திட்டு வாங்குகிறவன் பாதியில் வீட்டுக்குப் போய்விடுவான். இதை எந்தப் பண்ணையார்தான் பொறுப்பார்? அதனால்தான் பிராது.

விசாரணை நாளில் கோர்ட்டில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். பண்ணையாரின் சொந்தக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பிள்ளை சத்தம் போடாமல் இருக்க ஆறுமுகத்தாய் அவள் வாயில் கருப்பட்டித் துண்டு ஒன்றைப் போட்டிருந்தாள். "அதத் திருப்பிக் குடுத்தா பிள்ள செத்துரும் ஐயா" என்று ஞானசௌந்தரியம்மாள் சாட்சி சொன்னார். சொத்து யாருடையது என்பதுதான் கேள்வி, அது போனால் யாருக்கு என்ன ஆகும் என்பதல்ல என்று பண்ணையாரின் வக்கீல் வாதிட்டார். பெரியவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, மேசை மேல் சாட்சிப் பொருளாக வைத்திருந்த பட்டுத் தொட்டிலின் மினுமினுப்பில் மயங்கி, பிரம்மநாயகி அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

மூச்சுக்குப் பழைய படுக்கை ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளை துவண்டு தாயின் மடியில் விழுந்தாள். தொட்டில் மட்டும் ஏறி இறங்கியது. பண்ணையார் பாய்ந்து வந்து அதை எடுத்துக்கொண்டார். உள்ளங்கையில் கதகதப்பாக இருந்தது. அவருடைய மூச்சு, அவருக்கே தெரிந்தது. முகத்தில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. மீசை வரைக்கும் கொண்டுபோனார். அங்கே கை நின்றது. தொட்டிலின் உள்பக்கம் முழுக்கக் கருப்பட்டி எச்சில்.

"எச்சி வே இது" என்றார் வக்கீலிடம்.

"அலசிக்கிடலாம் அண்ணாச்சி."

"அலசினா மூச்சு ஓடிரும்" என்றார் ஞானசௌந்தரியம்மாள்.

பண்ணையார் முன்வரிசையைப் பார்த்தார். நாற்று நடுகிறவளின் பிள்ளை வாய் வைத்ததை அவர் வாயில் வைத்தால் நாளைக்கு எந்தப் பந்தியிலும் இலை போட மாட்டார்கள். அந்தப் பக்கம் ஆறுமுகத்தாய் சத்தமே வராமல் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. தொட்டில் அவர் கையைவிட்டுப் பிள்ளையின் முகத்துக்குப் போனது. "க்க்கும்" என்று சத்தம் கேட்டதும் கோர்ட்டில் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். பண்ணையார் அருவருத்து எறிந்தார் என்று வக்கீல் ஊரெல்லாம் சொன்னார். எறியவில்லை, பைய வைத்தார் என்று ஆறுமுகத்தாய் கடைசிவரை சொன்னாள். எப்படியோ, அம்பாசமுத்திரம் தாலுகாவில் தீட்டு ஓர் உயிரைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான். மூச்சு வாதியுடையது, அவருக்கு மனம் வரும்போது வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று முன்சீப் தீர்ப்பு எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆறு வருஷம் மனம் வரவில்லை. 1918-இல் விஷக்காய்ச்சல் வந்தபோது, இருந்த பாதி மூச்சும் பண்ணையாரைவிட்டுப் போகத் தொடங்கியது. டாக்டர் கையை விரித்தார். ஞானசௌந்தரியம்மாள் தொட்டிலை எடுத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் வீட்டுக்கு நடந்தார். "போகச் சொல்ல மாட்டேன். பண்ணையார் வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னாக, கேக்கேன்" என்றார். "அன்னைக்குக் கோர்ட்டுல கேட்டாரு, இன்னைக்கு வீட்டுக்கு ஆளனுப்பிக் கேக்காராக்கும்" என்று ஆறுமுகத்தாய் முறத்தைக் கீழே போட்டாள். பத்து வயதுப் பிரம்மநாயகி கொஞ்சம் யோசித்தாள். ஆற்று மடுவில் முங்கினால், ஊரார் பயந்து தேட ஆரம்பித்த பிறகுதான் தலையைத் தூக்குகிறவள் அவள். "வாய்க்கால் தண்ணி மாதிரி மொறை வச்சுக் குடுக்கேன்" என்றாள்.

முன்வாசல் வழியாகவே போனாள். அவள் செருமியதும் வீட்டு ஆண்கள் எழுந்து வழிவிட்டார்கள், பிறகுதான் யாரென்று பார்த்தார்கள். கட்டில் பக்கத்தில் நின்று, "பண்ணையாரே, எம் எச்சி ஒமக்கு ஆகுமா? அதச் சொல்லும் மொதல்ல" என்று கேட்டாள். பதில் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை. ஆகும் என்று தலையை ஆட்டினார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் மடுவில் முங்குகிற மாதிரி உடம்பை இறுக்கிக்கொண்டு, தொட்டிலில் மூச்சை விட்டு அவர் முகத்தில் வைத்தாள். அவர் இழுத்து, விட்டு, அவளிடம் கொடுத்தார். அவள் இழுத்து, விட்டு, அவரிடம் கொடுத்தாள். காய்ச்சல் இறங்கும்வரை அந்த வீட்டில் வேறு சத்தம் இல்லை.

அதற்குப் பிறகும் தினமும் வெயில் ஏறும்போது ஆஸ்பத்திரி மரத்தடிக்கு வந்து, தன் முறைக்காகப் பண்ணையார் காத்திருந்தார். பந்தியில் இலை நின்றுபோனது, மனிதர் இளைத்ததுதான் மிச்சம். எப்போதாவது பழக்கதோஷத்தில் யாரையாவது திட்ட ஆரம்பித்தால், "நம்ம மூச்சு, வீணாக்காதேயும்" என்பாள் அவள். நிறுத்திவிடுவார். 1919 ஆனியில் ஒருநாள் அவர் முறை வந்தபோது அவர் தொட்டிலை வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வச்சுக்கோ பிள்ள" என்று அவள் பக்கம் தள்ளினார். பிறகு அவர் முகத்தைத் துணியால் மூடினார்கள்.

மறுநாள் பிரம்மநாயகி அழுது வீங்கிய முகத்தோடு வாய்க்கால் கரையில் வந்தாள். தொண்டை அடைத்திருந்ததால் செருமினாள். வயலில் நின்ற ஆட்கள் பழக்கத்தில் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்கள். அவள் நின்றாள்.

"துண்டத் தோள்ல போடுங்கலே" என்றாள்.

அது பண்ணையாரின் தொண்டை. மீறுகிற தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது. எல்லோரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து நாற்று நட்டார்கள்.