பொறுப்பான வேலை

நான்கு வருடம் இரவு வகுப்புக்குப் போய், லண்டன் பரீட்சைகள் எல்லாவற்றையும் ஜார்ஜ் பாஸ் செய்து முடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அது 1966. டெக்னீஷியன் சான்றிதழ் கைக்கு வர இன்னும் ஒரே ஒரு படிவம்தான் பாக்கி. ஐந்து வருடமாவது பொறுப்பான வடிவமைப்பு வேலை செய்தார் என்று மேலதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

அதை அவர் தயக்கமில்லாமல்தான் மேலதிகாரி பரமசிவத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜாலான் புசார் சாலையில், தவுக்கே என்று எல்லோரும் அழைக்கும் ஒரு சீன முதலாளியின் பம்பு கம்பெனியில் பரமசிவம்தான் இன்ஜினியர். ஒன்பது வருடமாக ஒவ்வொரு பம்புக்கும் கணக்குப் போட்டு, அளவு தீர்மானித்து, வரைந்தது ஜார்ஜ். கீழே கையெழுத்துப் போட்டது பரமசிவம். அதில் இருவருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை.

இரண்டு நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. 'பிறர் போட்ட வரைபடங்களை நகல் எடுப்பவர்' என்று எழுதியிருந்தது. ஜார்ஜ் மூன்று தடவை படித்தார். பிறகு பரமசிவத்தின் அறைக்குப் போய், தவறுதலாக எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்.

பரமசிவம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "வேற எப்படி எழுதச் சொல்றீங்க, ஜார்ஜ்? எல்லா டிராயிங்லயும் என் சைன்தானே இருக்கு. நீங்க செஞ்சீங்கன்னு இப்ப எழுதினா, அப்ப நீ என்ன செஞ்சேன்னு தவுக்கே கேட்பார் லா."

"ஒன்பது வருஷமா நான் என்ன சார் செஞ்சேன்?"

பரமசிவம் மேசைமேல் இருந்த வரைபடத்தைச் சுருட்டினார். அவர் முகத்திலும் சங்கடம் தெரிந்தது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

முதலாளியிடமே போய்ச் சொல்லுங்கள் என்றாள் மனைவி பிரிஜட். எதைக் காட்டிச் சொல்வது? கணக்குத் தாள்களை வேலை முடிந்ததும் ஜார்ஜே கிழித்துப் போட்டிருந்தார். பரீட்சை மார்க்குகளைப் பார்த்து லண்டனில் யாராவது யோசிக்கமாட்டார்களா என்ற நப்பாசையில் படிவத்தை அப்படியே அனுப்பினார்.

நான்காவது மாதம் பதில் வந்தது. பொறுப்பான வேலையில் அனுபவம் போதாது. அத்தகைய பதவியில் ஐந்து வருடம் இருந்தபின் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

என்ன எழுதியிருக்கிறது என்று பிரிஜட் கேட்டாள். மாதா கோயிலில் பூசைக்கு வரும் அத்தனை பேரிடமும் சான்றிதழ் வரப்போகிறது என்று அவள் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாள்.

"நான் ஒண்ணும் செய்யலையாம்," என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ஜார்ஜ் வேலைக்குப் போனார். வேறு எங்கே போனாலும் முதலில் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.