மாதா கோயிலுக்குப் போய்வந்த டெக்

"நம்ம டெக் வெள்ளிக்கிழமை மாதா கோயில் வரைக்கும் போயிட்டு வந்துச்சு, ஆர்டிஸ். அடுப்புகூட அணையல" என்றார் வெர்லின்.

புது இடுப்பு மூட்டு வைத்துக்கொண்டு அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அவர் மனைவி ஆர்டிஸ், வாக்கரைப் பிடித்தபடி கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். கதவுக்கு வெளியே பலகையால் போட்ட மேடைதான் டெக்; அது இருந்த இடத்தில் இருந்தது. எங்கும் போய்வந்த களைப்பு அதன் முகத்தில் தெரியவில்லை.

அந்தக் கதவுக்கு ஒரு கதை உண்டு. வீடு கட்டியவன் கதவை வைத்தான். அதற்கு வெளியே டெக் போட்டுத் தருவதாகச் சொன்னான். பிறகு ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டான். அன்று முதல் கதவுக்கு வெளியே இடுப்பளவு பள்ளம், அதைத் தாண்டினால் மிசிசிப்பி ஆறு. மனைவி விழுந்துவிடக் கூடாதென்று கதவின் குறுக்கே ஒரு கட்டையைத் திருகி வைத்தார் வெர்லின். "வர்ற கோடைல போட்டுடலாம்" என்றார். விஸ்கான்சினில் கோடைக்கா பஞ்சம்? இருபது கோடைக்கு மேல் வந்து, பார்த்து, போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஆர்டிஸ் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"நான் திரும்பி வந்ததும் காப்பிக் கோப்பையோட இந்தக் கதவு வழியா வெளிய கால் வைக்கணும். அது தாங்கும்னு என் அண்ணன் வாயால சொல்லணும். இல்லன்னா வீட்டை வித்துட்டு லா கிராஸ்ல அண்ணன் இருக்கற முதியோர் குடியிருப்புக்குப் போறோம். அவர் பக்கத்து வீடு காலியாத்தான் இருக்கு."

அண்ணன் நார்பர்ட் மாவட்டக் கட்டட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் சரி என்று சொன்னதே இல்லை. தன் கல்யாணத்தில் பாதிரியார் "இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டதற்கும் "திருத்தங்களுக்கு உட்பட்டு" என்றவர் என்பது ஊர்ப்பேச்சு. மனைவி போன பிறகு தனியாக இருந்தார். தங்கை பக்கத்துக்கு வந்தால் அவருக்குக் கசக்கவா போகிறது? அப்படிப்பட்ட ஆளின் வாயிலிருந்துதான் 'தாங்கும்' வர வேண்டும்.

வெர்லின் வேலையில் இறங்கினார். கையில் காசு குறைவு, கற்பனை அதிகம். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிரித்துப் போட்ட பார்வையாளர் பலகைகளை அள்ளி வந்தார். எதிரணிக்காரர்கள் உட்காரும் பக்கத்துப் பலகைகள்; தலைமுறை தலைமுறையாகத் தோற்றவர்களைத் தாங்கியவை, எதையும் தாங்கும் என்பது அவர் கணக்கு. இருக்கை எண்கள் அழியாமல் இருந்தன. தப்பாகக் கலந்துவிட்டதென்று கடைக்காரன் மூலையில் தள்ளியிருந்த பெயின்ட்டைச் சல்லிசாக வாங்கி அடித்தார். டெக் காய்ச்சல்காரன் நாக்கு நிறத்துக்கு வந்தது.

மிச்சம் இருந்தது கால்கள். அங்கே குளிர்காலத்தில் தரை நெஞ்சளவு ஆழத்துக்கு உறையும். உறைநிலைக்குக் கீழே குழி தோண்டித் தூண் நடாவிட்டால் வசந்தத்தில் தரை டெக்கைத் தூக்கிவிடும். தோண்ட வேண்டும் என்பது சட்டம். வெர்லினின் முதுகு வேறு சட்டம் வைத்திருந்தது. ஊறுகாய் ஆலை வாசலில் சும்மா கிடைத்த நீலப் பீப்பாய்களை நிறுத்தி, அவற்றின்மேல் மரச்சட்டத்தை வைத்து முடுக்கினார். பீப்பாய்களில் ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். ஜல்லிக்குக் காசு, அது வரும் கோடைக்கு. எலி குடியேறாமல் மூடிகளை மட்டும் இறுக்கி வைத்தார். வீட்டோடு பிணைத்தால் அனுமதி வாங்க வேண்டும், அதனால் பிணைக்கவில்லை.

"பிணைக்கலன்னா அது டெக் இல்ல, பெரிய மேஜை" என்றார் நார்பர்ட் போனில்.

"வந்து பாரு மச்சான், அப்புறம் பேசு."

நார்பர்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். பனி உருகி ஆறு கொல்லைக்குள் வந்து முழங்கால் அளவு நின்றிருந்ததால், மீன்பிடிக்கும் ரப்பர் கால்சட்டையோடு வந்தார். டெக்கில் ஏறிச் சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக மூலைக்கு ஓடி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"சாயுது."

"எந்தப் பக்கம் மச்சான்?"

"எல்லாப் பக்கமும்."

வெர்லின் பீரிலும் வெங்காயத்திலும் வேகவைத்த இறைச்சிச் சாசேஜ்களை டெக்கின்மேல் வைத்த கரியடுப்பில் அடுக்கினார். அவர் லூதரன் சபைக்காரர், அவருக்கு எல்லா வெள்ளியும் ஒன்று. நார்பர்ட்டோ கத்தோலிக்கர், ஞாயிறுதோறும் இங்கே வந்து மாதா கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். அது தவக்கால வெள்ளி. இறைச்சி கூடாது, மீன் ஆகும். கோயில் மண்டபத்து மீன் வறுவலுக்காகக் காலையிலிருந்து வயிற்றைக் காலியாக வைத்திருந்தார். காலி வயிற்றின்மேல் அந்தப் புகை போய் உட்கார்ந்தது. கை தானாக நீண்டது. கடுகு விழுதுகூடத் தானாகத் தடவிக்கொண்டது.

அவர் கடித்த நொடியில் டெக் கிளம்பியது.

இது தற்செயல் என்று நார்பர்ட் இன்றுவரை நம்பவில்லை. ஏறிய தண்ணீர் பீப்பாய்களைத் தூக்கியது. பிணைப்பில்லாத டெக் வீட்டை விட்டு விலகி, அண்டை வீட்டுக் கொடியிலிருந்து ஒரு போர்வையை மாட்டிக்கொண்டு, வேலிக்கு மேலாகச் சென்றது. வாத்துகள் ஒதுங்கி வழிவிட்டன. முழுகியிருந்த பேஸ்பால் மைதானத்தின் நடுவில், பழக்கதோஷத்தால் ரசமட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தார் நார்பர்ட். குமிழி நட்டநடுவில் நின்றது. அதிர்ச்சியில் இன்னொரு சாசேஜை எடுத்துக்கொண்டார்.

டெக் போய் மாதா கோயில் மண்டபத்துப் பின்சுவரில் மெல்ல இடித்து நின்றது. ஜன்னலெல்லாம் எண்ணெய் ஆவி. உள்ளே ஊரே மீன் தின்றுகொண்டிருந்தது. கத்துவதற்காக வெர்லின் வாயைத் திறந்தார். நார்பர்ட் அதைப் பொத்தினார்.

"கத்தாதே! என் மூஞ்சியெல்லாம் கடுகு!"

"ஆத்தோட போயிடுவோம், மச்சான்!"

"போவோம். இது கடல்ல போய்ச் சேரும். அங்க என்னை யாருக்கும் தெரியாது."

"சாசேஜை முழுங்கிட்டுக் கூப்பிடலாமே?"

"மூச்சுல வாசனை வருது. இதை ஆர்டிஸ்கிட்ட சொன்னே, நமக்குள்ள உறவே கிடையாது."

"சாசேஜைப் பத்தி மூச்சு விடமாட்டேன். சத்தியம்."

மேற்கே காற்று திரும்பியது. ஒருவர் டெக்கில் கிடந்த பனி வாரும் மண்வெட்டியாலும், மற்றவர் அடுப்பு மூடியாலும் துழாவி, வந்த வழியே வீடு சேர்ந்தார்கள். தண்ணீர் வடிந்தபோது டெக் கதவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது, அதுவும் முன்பைவிட நெருக்கமாக. வெர்லின் போர்வையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

இதில் சாசேஜை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் ஆர்டிஸிடம் சொல்லிமுடித்தார். சமையலறை மேஜையில் நார்பர்ட் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, இவர் சொல்றது நிஜமா?"

"பை நல்லா இருக்கு."

"டெக்கு போச்சா, போகலயா?"

"'போச்சு'ன்னா நீ எதைச் சொல்றேங்கறதைப் பொறுத்தது."

ஆர்டிஸ் கணவர் பக்கம் திரும்பினார். "சரி. கோயில் சுவரை இடிச்சு நின்னீங்களே, ஏன் ஒரு சத்தம் போடல?"

வெர்லின் நார்பர்ட்டைப் பார்த்தார். நார்பர்ட் பலகாரத்தைப் பார்த்தார்.

"தொண்டை கட்டிக்கிச்சு."

"உனக்கா? நீ தூக்கத்துல பேசினா அக்கரை மினசோட்டாக்காரன் எழுந்து விளக்குப் போடறான்! ஆத்துல ரெண்டு பேரைச் சுமந்துட்டுப் போயும் கவிழலன்னா, நான் அதுமேல தாராளமா கால் வைப்பேன். ஆனா நீ சொல்லி நான் நம்பணும்னா, இடுப்போட மூளையையும் மாத்தியிருக்கணும்."

அவர் போனை எடுத்து லா கிராஸ் குடியிருப்பின் எண்ணை அழுத்த ஆரம்பித்தார். வெர்லினுக்கு 'சாசேஜ்' என்ற ஒரே ஒரு சொல் போதும், வீடு மிஞ்சிவிடும். அதைச் சொல்லாமல் கதவுக் குறுக்கே கிடந்த கட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் வாய் மூடி நின்றதை ஆர்டிஸ் பார்த்ததில்லை. விரல் தயங்கியது.

நார்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு பெரிய கட்டடத்தை இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர் போல மூச்சை இழுத்துவிட்டார்.

"போனை வை, ஆர்டிஸ். தாங்கும்."

"என்ன?"

"டெக் தாங்கும். கட்டின விதம் முழுக்கத் தப்பு. ஆனா தாங்கும்."

போன் கீழே போனது. வெர்லின் திருகாணிகளைக் கழற்றிய வேகத்தில் ஒன்று பறந்து காப்பிப் பாத்திரத்தில் விழுந்தது. ஆர்டிஸ் கோப்பையோடு வாசலைத் தாண்டி, முதலில் வாக்கரை வைத்தார், பிறகு ஒரு காலை, பிறகு புது இடுப்பை. பலகை முனகவில்லை. ஆற்றைப் பார்த்து ஒரு வாய் குடித்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அப்ப, கோயிலுக்குப் போனது?"

"போச்சு. நான் அதுமேலதான் இருந்தேன். வழி நெடுக மட்டம் இம்மிகூட சாயல."

"ரெண்டு பேர்ல ஒருத்தர்கூடவா கத்தல?"

"என் வாயில சாசேஜ் இருந்துச்சு."

ஆர்டிஸ் இப்போது திரும்பினார். "தவக்கால வெள்ளிக்கிழமையிலயா, அண்ணே?"

"வெள்ளிக்கிழமையிலதான்" என்றார் நார்பர்ட். "ரெண்டு."