முருகனுக்கு ஒரு கால் சுற்று

1979ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் காலை பத்தரை மணியிலிருந்து, மெக்கானிக் பிச்சைமுத்து ஒரு ஜீப்பின் எஞ்சினிலிருந்து நாற்பத்தொரு அடிக்கு மேல் தள்ளிப்போக முடியாதவன் ஆனான். சூலியா தெருத் தையல்காரர் ஒருவர் தன் டேப்பைக் கொண்டுவந்து அளந்தார். மூன்று முறை அளந்தும் அரை அங்குலம்கூட மாறவில்லை.

ஜீப்பு விநாசித்தம்பியுடையது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் மலைச்சரிவில் டுரியான் பழத் தோட்டம் போட்டவர். சரிவில் ஏறி ஏறி எஞ்சின் மூடியின் ஓரத்தில் ஆவி கசியத் தொடங்கியதும், சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் வண்டியை விட்டுப் போனார். மூடியை எஞ்சினோடு சேர்த்துப் பிடிக்கும் பதினைந்து ஸ்டட்டுகளில், அதாவது மரைக் கம்பிகளில், நடுவில் இருந்தது துருவேறி உள்ளேயே முறிந்திருந்தது. பிச்சைமுத்து மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்தான். பிறகு முறிந்த கம்பியின் மையத்தில் துளைபோட்டுச் சொத்தைப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வெளியே எடுத்தான். மற்றவற்றை, இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிக் கழற்றினான். புது ஸ்டட்டுகளை இறக்கி, மூடியை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தவணையில் முடுக்கினான். குற்றம் சொல்ல முடியாத வேலை. அதோடு நிறுத்தியிருந்தால் இங்கே எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த எஞ்சினானாலும் கடைசியில் நடு நட்டுக்கு மட்டும் ஒரு கால் சுற்று கூடுதலாகக் கொடுப்பான். "முருகனுக்கு" என்பான். பட்டறையில் யார் சொல்லியும் கேட்கவில்லை. ஏழு வருடமாக அவன் முடுக்கிய வண்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்கிற திமிர். அன்றைக்கும் கொடுத்தான். ஸ்டட் கையில் இளகியது, பிசைந்த மாவை அழுத்துவதுபோல. இரும்பு நீண்டுவிட்டது என்று கைக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் முறியவில்லையே என்று வாயை மூடிக்கொண்டு தேநீர் குடிக்கக் கிளம்பினான். பாதி வழியில், எடுத்துவைத்த கால் எடுத்த இடத்துக்கே திரும்பி வந்தது.

மத்தியானம் விநாசித்தம்பி வந்து வண்டியை எடுத்தார். முக்காலியில் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்த பிச்சைமுத்து, முக்காலியோடு சேர்ந்து, நாற்பத்தொரு அடி பின்னால் சூலியா தெரு நெடுக வழுக்கிக்கொண்டே போனான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் சபூராதான் முதலில் பார்த்தாள்.

"என்ன லா பிச்சை, முக்காலியோட எங்க போற?"

"தெரியலக்கா. அந்த ஐயாவ நிக்கச் சொல்லுங்க."

விநாசித்தம்பி வண்டியை ஓரங்கட்டி, முழுக் கதையையும் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் வண்டிய முடுக்கினீரோ, வண்டி உம்மை முடுக்கிச்சுதோ தெரியேல்லைத் தம்பி. சரி, ஏறும்."

நட்டைத் தளர்த்தினால் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து லேத்துக்காரர் அர்ஜுனன் ஸ்பானரைப் போட்டார். கொஞ்சம் தளர்ந்ததும் எல்லை இருபது அடியாகச் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் தளர்ந்ததும் பிச்சைமுத்துவின் நெஞ்சு மட்கார்டில் ஒட்டிக்கொண்டு, மூச்சடைத்து, கண் செருகியது. அர்ஜுனன் பதறித் திரும்ப முடுக்கியதில் ஒரு மயிரிழை கூடிப்போய், எல்லை நாற்பத்தாறானது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. முடுக்கினால் தூரம் கிடைக்கும். ஆனால் நீண்டுபோன ஸ்டட் ஒருநாள் முறியும். முறிவது என்றால் முழுக்கத் தளர்வதுதான். அன்றைக்கு மூச்சும் நின்றுவிடும். அதன்பிறகு அந்த நட்டை யாரும் தொடவில்லை.

பிச்சைமுத்துவின் வீடு கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில். மனைவி குணவதி அங்கே ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்தாள். விநாசித்தம்பி நல்ல மனிதர். வாரநாட்களில் ஜீப்பைப் பட்டறையிலேயே நிறுத்தினார்; ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபெரியில் ஏற்றி மாக் மண்டினுக்கு ஓட்டிக்கொண்டு போனார். சாலையில் நிறுத்தினால் நாற்பத்தாறு அடி கூடம் வரைக்கும்தான் எட்டியது. சமையலறை ஐம்பதாவது அடியில் இருந்தது. குணவதி அடுப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். டுரியான் காலத்தில் அவன் தோட்டத்தில் கிடந்தான். கிழவர் ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போனால் அங்கே கார் நிறுத்துமிடத்தில் பாய் விரித்தான். யார் எங்கே போனாலும் அவன் போகவேண்டும். அவன் நினைத்த இடத்துக்கு மட்டும் போக முடியாது. ஜெயிலில் இருப்பவனுக்காவது எத்தனை வருடம் என்று தெரியும். ஒருமுறை ஃபெரியின் கீழ்த்தட்டில், வண்டிகளுக்கு நடுவே நின்று வாய்விட்டு அழுதான். விநாசித்தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1983இல் குணவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு மேல் ஜீப்பு போக வழியில்லை. நாற்பத்தாறு அடி, சீட்டு எழுதும் ஜன்னலோடு முடிந்தது. அந்த ஜன்னலருகே அவன் காலையிலிருந்து நின்றான். பகல் இரண்டு மணிக்கு ஒரு தாதி ஓடிவந்தாள்.

"அண்ணே, அக்கா உங்களத்தான் கேக்குறாங்க. இப்பவே வாங்க."

பிச்சைமுத்து திரும்பி நடந்து ஜீப்பின் பானெட்டைத் திறந்தான். விநாசித்தம்பி வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"தம்பி, முறிஞ்சால்?"

"முறிஞ்சா நான் இல்லைங்கய்யா. வண்டிய யார்கிட்டயாச்சும் குடுத்துப் பாத்துக்குங்க."

நடு நட்டில் ஸ்பானரை மாட்டினான். இந்தத் தடவை முருகன் பேர் வாயில் வரவில்லை. "குணவதிக்கு" என்று சொல்லி, முழுசாக ஒரு கால் சுற்று கொடுத்தான். ஸ்டட் முனகியது, நீண்டது, முறியவில்லை. அவன் ஓடினான். சீட்டு ஜன்னலைத் தாண்டி, மருந்துக் கவுண்டரைத் தாண்டி, வார்டுக்குள் நுழைந்து, குணவதியின் கட்டிலுக்கு நாலடி முன்னால் நின்றுபோனான். தொண்ணூற்று மூன்று அடி. கையை நீட்டினான், எட்டவில்லை. வெளுத்துப்போன முகத்தோடு அவள் அவனையும் அவன் காலையும் பார்த்தாள்.

"அங்கயே நில்லுங்க" என்றாள். பிறகு தாதியிடம், "தங்கச்சி, கட்டில அந்தப் பக்கம் தள்ளு."

தாதி சக்கரத்தின் பிரேக்கைக் காலால் விடுவித்து, கட்டிலை நாலடி தள்ளினாள். அவன் கை அவள் கைக்குள் போனது. சாயங்காலம் இரத்தம் நின்றது. மருந்தின் பலன் என்று டாக்டர் எழுதினார். அந்த வார்டில் கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ள யாரும் மெனக்கெடவில்லை.

நட்டில் அதற்குமேல் இடமில்லை. தொண்ணூற்று மூன்று அடிதான் இனி ஆயுசுக்கும் என்பது தெளிவானது. குணவதி அடுப்பைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். கடல்மேல் பாலம் திறந்ததும் ஃபெரி தேவைப்படவில்லை. கண் மங்கியபோது விநாசித்தம்பி ஜீப்பின் உரிமைப் பத்திரமான கிராண்டைக் குணவதி பேருக்கு எழுதிக்கொடுத்தார். அவள் லைசென்ஸ் எடுத்தாள். குழந்தைக்கு நவமணி என்று பேர் வைத்திருந்தார்கள். பத்து வயதில் அவள் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் ஓடினாள். காலையிலேயே குணவதி ஜீப்பைத் திடல் ஓரத்தில் நிறுத்தியிருந்தாள். ஆசிரியர் கார்த்திகேசு டேப்பை எடுத்துவந்து, எஞ்சினிலிருந்து தொண்ணூறு அடி அளந்து, அங்கே சுண்ணாம்பால் முடிவுக் கோட்டைப் போட்டார். மூன்றடி மிச்சம் விட்டது, பிள்ளை ஓடிவந்து மோதினால் தகப்பன் பின்வாங்க இடம் வேண்டும் என்பதற்காக.