சண்டையை விலக்கிய லூப்பு

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து நாய்ப் பயிற்சித் திடலில் பந்தை வீசினால், உல்ரிக்கே வளர்க்கும் நாய் லூப்பு ஓடி எடுக்காது; பந்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கும்.

"ருமேனியா நாட்டுத் தெருவுல கெடந்த நாயைக் கொண்டாந்து வளக்குற. இதுக்கு என்ன தெரியும், உல்ரிக்கே?" என்று அங்கே வரும் ஹோல்கர் தன் ஷெப்பர்ட் சாதி நாயைத் தடவிக்கொண்டே சீண்டுவார். அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஒரு சனிக்கிழமை அவருடைய நாயும் இன்னொரு பெரிய நாயும் பிடித்திருந்தவர்கள் கையிலிருந்து வாரை இழுத்துக்கொண்டு ஓடி, நேருக்கு நேர் நின்று உறுமின. கிட்டப் போக எல்லோரும் பயந்தார்கள். லூப்பு மட்டும் நிதானமாக நடந்துபோய், நடுவில் குறுக்காக நின்று, தரையை மோந்து, கொட்டாவி விட்டது. உறுமல் அடங்கி, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பின.

"யாரு பழக்குனா இத?" என்று ஹோல்கர் கேட்டார்.

"தெருநாய்க் கூட்டத்துல வளந்தவன், ஹோல்கர். நாய்ங்க கொட்டாவி விட்டா 'சண்டை வேணாம்'னு அர்த்தம். மனுசங்க யாரும் பழக்கல."

அன்று உல்ரிக்கே, எப்போதும் ஒதுங்கிப் போகும் பின்தெருவை விட்டு, லூப்புவைக் கடைத்தெரு வழியாகவே, தலை நிமிர்ந்து, வீட்டுக்கு அழைத்துப் போனாள்.