நடு அடுக்கு

ரெத்தினம் வீட்டை விட்டுப் போய் அறுபத்து மூன்று நாள். அம்சம் கூரை மூங்கிலில் நாளுக்கொரு கரிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

குறுவை அறுப்புக்குப் பண்ணை வெளியூர் ஆளை இறக்கிய அன்று, மறிக்கப் போனவர்கள் பதினோரு பேர். திரும்பியவர்கள் பத்துப் பேர். ரெத்தினம் கேசுக்குப் பயந்து நாகப்பட்டினம் பக்கம் ஒதுங்கியிருக்கிறான், சூடு ஆறினதும் வருவான் என்று அவன் அண்ணன் மருதையன் சொன்னார். அம்சம் நம்பினாள். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்து இது மூன்றாவது. நிறைமாதம். நம்பாமலிருக்க அவளுக்குத் தெம்பு இல்லை. தெருப் பெண்கள் அவனைப் பற்றி விசாரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். தன் மனம் நோகக் கூடாதென்றுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்கழிப் பனியில் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போர்வை வேண்டும். அந்தப் போர்வையில்தான் அவளுக்கும் மருதையன் மனைவி ராசம்மாளுக்கும் ஒத்துப்போகவில்லை.

அம்சம் வலங்கைமானில் மாதர் சங்கத்துத் தையல் வகுப்பில் ஆறு மாதம் படித்தவள். பிரசவம் வரை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி கமலாம்பாள் டீச்சர் ஒரு கைமெஷினை இரவல் கொடுத்திருந்தார். துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி, நிறம் மாற்றி இணைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, வரிவரியாக மெஷின் ஓட்டுவது டீச்சர் கற்றுக்கொடுத்த முறை. லேசாக இருக்கும். துவைத்தால் ஒரே வெயிலில் காயும்.

ராசம்மாள் முறையில் கத்தரிக்கோலுக்கே வேலை கிடையாது. பழஞ்சேலைகளை முழுசாக மடித்து அடுக்கி, ஓரத்தில் தொடங்கி நடுவரைக்கும் கையாலேயே ஓடுதையல் போடுவாள். அந்தத் தெருவில் அதற்கொரு வழக்கம் உண்டு. உயிரோடு இருப்பவர் துணி மேலும் கீழும் வரும். செத்தவர் துணி நடு அடுக்கில் போகும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கிடந்து பிள்ளைக்குச் சூடு கொடுப்பார்களாம்.

அம்சம் வெட்டிப் பரப்பிய சதுரங்களை ராசம்மாள் ஒருநாள் குனிந்து பார்த்தாள்.

"என்னா புள்ள, வரப்பு வெட்டுன வயலாட்டம் இருக்கு? இதுல எந்தக் கட்டம் பண்ணைக்கு, எது நமக்கு?"

"எல்லாம் எம் புள்ளைக்குத்தான்."

"அப்ப பட்டா எழுதி வாங்கிக்க. ஆட்சி மாறிடுச்சு, கேட்டா குடுப்பான்."

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் போர்வையை ராசம்மாள்தான் தைத்தாள். தலைப்பிள்ளைக்கு மெஷின் போர்வை ஆகாது என்று ஒரே பிடி. அம்சம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவுங்க நீலச் சட்டைய மேல வச்சித் தைங்கக்கா."

ராசம்மாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள். அன்று நூல் கோர்க்க வெகு நேரம் ஆனது.

"சட்டைய வீணாக்காத. வந்தா போட்டுக்க வேணாமா?"

அந்தச் சொல்லை அம்சம் ஒரு வாரம் நெஞ்சில் வைத்திருந்தாள். 'வந்தா' என்றுதானே சொன்னாள், அப்படியென்றால் வருவான்.

அறுபத்து மூன்றாம் நாள் காலையில் போர்வை முடிந்து கைக்கு வந்தது. "மெஷினக் கொண்டு இது மேல வச்சிடாத" என்று சொல்லிவிட்டு ராசம்மாள் தண்ணீருக்குப் போனாள். அம்சத்துக்கு உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஓரம் பிசிறாக இருந்தது. சிவப்பில் ஒரு கரை ஓட்டிவிட்டால் அக்காவே பார்த்து வாயடைத்துப்போவாள் என்று தோன்றியது. போர்வையை மெஷினில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள்.

மூன்றாவது மூலையில் ஊசி முறிந்தது.

துணி அங்கே தடித்திருந்தது. எதையோ இரண்டாக மடித்து உள்ளே திணித்திருந்தார்கள். ஒரு சாண் தையலைப் பிரித்து, தடிப்பை வெளியே இழுத்தாள். வெள்ளை வேட்டி. சலவையிலும் போகாத பழுப்புக் கறை ஒன்று அதில் படர்ந்திருந்தது. முனையில் ஒரு கிழிசல். கிழிசலின் மேல் சிவப்பு நூலில் ஒரு மெஷின் தையல், நேராகப் போய் மூன்று விரற்கடையில் கோணியிருந்தது.

மெஷின் வந்த அன்று அவள் போட்ட முதல் தையல் அது. அன்று வீட்டில் வெள்ளை நூல் இல்லை. "வேட்டியிலயே செங்கொடி ஏத்திட்டியே" என்று ரெத்தினம் கேலி செய்தான். குறுவை மறியலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனான்.

ராசம்மாள் இடுப்புக் குடத்தோடு வாசலில் நின்றாள். பிரிந்து கிடந்த போர்வையைப் பார்த்தாள். குடத்தை இறக்கவில்லை.

"மெஷினு வைக்காதன்னேன்ல."

"அக்கா, இது நான் தச்சது."

"வெள்ள வேட்டி ஊருல எத்தினியோ."

"நான்தான் கோணலா அடிச்சேன். நாகப்பட்டினத்துல இருக்கறவங்க வேட்டி இங்க எப்புடி வந்துச்சு?"

"எங்க வூட்டுக்காரருதான் கொண்டாந்தாரு."

"எப்ப?"

குடத்துத் தண்ணீர் தளும்பி ராசம்மாள் சேலையில் வழிந்தது. வயிற்றில் பிள்ளை ஒருமுறை புரண்டது. அம்சம் அதன்மேல் கை வைக்கவில்லை. இரண்டு கையிலும் வேட்டி இருந்தது.

"மேல வச்சித் தச்சிருக்கலாம்லக்கா. மேல வச்சிருந்தா நான் ஒண்ணுமே கேட்டிருக்க மாட்டேனே. குடுத்தனுப்பிருக்காங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருப்பேன்."

"வாயி பொய் சொல்லிடுச்சு, புள்ள. கை வரல." ராசம்மாள் குடத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "புள்ளய நல்லபடியாப் பெத்து எடுக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு தெருவே சேந்து வாய மூடிக்கிட்டோம். ரெண்டு போனவதானே நீ. அவன் துணியாவது புள்ள மேல கெடக்கட்டுமேன்னுதான்..."

"எங்க வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டேன். வாயால சொல்லுங்க."

"வேணாம் அம்சம்."

"சொல்லுங்கக்கா."

வெளியே பனி இன்னும் விலகவில்லை. சம்பா வயல் பக்கமிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ராசம்மாள் குடத்தைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"நம்ம ரெத்தினம் செத்துட்டான், அம்சம். போன அன்னிக்கே."